சொந்தக் கருத்து இல்லாத நீதவான்

நேர்காணலுக்கு எப்படித் தயாராவது என்று உங்களில் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நீதவான் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களாம். நல்லது. ஒழுங்காக உடுத்துங்கள், நேரத்துக்குப் போங்கள், தண்ணீர் தந்தால் குடியுங்கள். அதற்கு மேல் உற்சாகமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த நேர்காணல் மேசையின் ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு பல வருடம் இருந்தவன் நான். உண்மை சொன்னவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது, மழுப்பினவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கண்ணால் கண்டவன். அதைச் சொல்கிறேன். கேட்டபிறகு விண்ணப்பத்தை வைத்திருப்பதோ திருப்பி வாங்குவதோ உங்கள் பாடு.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லவேண்டும். கோர்ட் கிளார்க் என்றால் எங்கள் சனத்துக்கு பைல் தூக்குகிறவன். என் மாமியார் கடைசிவரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தார். மருமகன் கொழும்பில் கறுப்புக் கோட்டுப் போட்டவர், லண்டனில் பைல் தூக்குகிறார் என்று அவருக்குப் பெரிய மனவருத்தம். உண்மை அதுவல்ல. இந்த நாட்டில் கீழ்க்கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும் நீதவான்கள் பெரும்பாலும் சட்டம் படித்தவர்கள் இல்லை. கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, வங்கி மனேச்சர் என்று ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆட்கள். சம்பளம் கிடையாது. மூன்று பேராக மேலே இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால், ஒரு படி கீழே, சட்டம் படித்த ஒருவர் இருப்பார். சட்டம் இதுதான் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வது அவருடைய கடமை. தீர்ப்பில் அவருக்கு வாய் இல்லை. அந்த வாயில்லாத ஆள் நான்தான்.

எந்தக் கோர்ட் என்று சொல்லமாட்டேன். தேம்ஸுக்குத் தெற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் கடைசி. எங்கள் பகுதியில் ஒரு கருக்கலைப்பு நிலையம் இருந்தது. சட்டப்படி நடக்கிற இடம். அதன் வாசலில் சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் நின்று உள்ளே போகிற பெண்களை மறிக்கும். சிலர் செபம் சொல்வார்கள், சிலர் கையைப் பிடித்து இழுப்பார்கள். இழுத்தவர்களைப் பொலிஸ் எங்களிடம் கொண்டுவரும். ஆகவே புது நீதவான்களைத் தெரிவு செய்யும்போது ஒரு கேள்வி தவறாமல் கேட்கப்பட்டது. மனச்சாட்சி காரணமாக உங்களால் நடைமுறைப்படுத்த இயலாத சட்டம் ஏதாவது உண்டா? சுற்றி வளைத்துப் பதில் வந்தால் குழுவில் யாராவது நேரடியாகவே கேட்பார்கள். கருக்கலைப்புச் சட்டம் எப்படி?

அன்றைக்குக் காலையில் வந்தவர் ஒரு ஐரிஷ் அம்மா. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி. கேள்வியைக் கேட்டவுடன் ஒளிக்காமல் சொன்னார். அது பாவம் என்றுதான் தான் நம்புவதாகவும், ஆனால் சட்டம் அனுமதிப்பது தனக்குத் தெரியும் என்றும், அப்படியான வழக்கு வந்தால் தன்னை வேறு அறைக்கு மாற்றிவிட்டால் போதும், மற்றதெல்லாம் ஒரு குறையில்லாமல் பார்ப்பேன் என்றும் சொன்னார். அவர் வெளியே போனதும் குழுவில் எல்லோரும் அவருடைய நேர்மையைப் பாராட்டினார்கள். எவ்வளவு திறந்த மனது என்றார்கள். பாராட்டி முடித்துவிட்டு, சிக்கலான ஆள் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

பின்னேரம் வந்தவர் எங்கள் சனம் ‘ஐயா’ என்று கூப்பிடுகிற ஒரு பெரியவர். கணக்காளர், கோயில் அறங்காவலர், தமிழ்ச் சங்கம் எதுவென்றாலும் முன்வரிசைக் கதிரை அவருக்குத்தான். அந்தப் பகுதியில் நீதவானாகப் போகிற முதல் தமிழர் என்று சனம் அப்போதே மாலை கட்டத் தொடங்கியிருந்தது. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த விசயத்தில் தனக்குச் சொந்தக் கருத்து ஒன்றும் இல்லை, சட்டம் என்ன சொல்கிறதோ அதுவே தன் கருத்து என்றார். இனிமையான ஆங்கிலம். குழு மலர்ந்துபோனது.

எனக்குப் பேனை ஓடவில்லை. அதற்குச் சில வாரம் முன்புதான், தமிழ்ச் சங்கம் நவராத்திரிக்கு நடத்திய வாணிவிழாவில் அவர் பேசினதைக் கேட்டிருந்தேன். பேச்சு முழுக்க இதே விசயம். இந்த நாட்டுச் சட்டம் கொலைக்கு அனுமதி கொடுக்கிறது என்றார். எங்கள் பெட்டையளும் கெட்டுப்போகிறார்கள் என்றார். கடைசியில் குரலை உயர்த்தி, “அப்பிடிச் செய்யிறவளின்ரை குடும்பம் ஆரெண்டு சனத்துக்குத் தெரியவேணும். ஒளிச்சு வைக்கிறதாலைதான் இது பெருகுது” என்றார். மண்டபம் கைதட்டியது. சிறுபிள்ளைகளும் தட்டினார்கள்.

இப்படி நம்புவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஐரிஷ் அம்மாவும் ஏறக்குறைய அதைத்தான் நம்பினார். நம்புவதை நம்பவில்லை என்று சொல்லி ஆசனம் வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

நேர்காணல் முடிந்ததும் தலைமைக் கிளார்க்கிடம் போனேன். வெள்ளைக்காரர், எனக்கு இந்த வேலையைப் பழக்கினவர், நேர்மையான மனிதர். மண்டபத்தில் கேட்டதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “கேட்டோம், அவர் பதில் சொன்னார், நாங்கள் எழுதினோம். பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கிளறத் தொடங்கினால் ஆசனங்கள் எல்லாம் காலியாகிவிடும்” என்றார். குழுத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்வதாகவும் சொன்னார். சொல்லியிருப்பார். ஒன்றும் நடக்கவில்லை. ஐயா சத்தியப்பிரமாணம் செய்தார், கோயிலில் அன்னதானம் கொடுத்தார்கள், எனக்கும் அழைப்பு வந்தது.

உங்களுக்கு ஒரு நடைமுறை தெரியவேண்டும். காலையில் நீதவான்கள் பின்னறையில் தேநீர் குடிக்கும்போது அன்றைய வழக்குகள் எல்லாம் மேசையில் கிடக்கும். தனக்குத் தெரிந்த ஆள் இருந்தால், மனதுக்கு ஒவ்வாத வழக்கு இருந்தால், இது எனக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு அறைக்கு மாற்றிவிடுவார்கள். காரணம் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை. நூற்றுக்கணக்கான நீதவான்கள் அப்படிச் சொல்லி எழும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். உண்மையாக இருப்பதற்கு இதைவிட மலிவான வழி உலகத்தில் எங்கேயும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

அடுத்த வருடம் ஒரு வழக்கு வந்தது. அந்த நிலையத்தின் வாசலில் ஒருவன் ஒரு இளம்பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். கை வீங்கிவிட்டது. பெண் தமிழ்ப்பிள்ளை. சவுத்தாலில் தமையனோடு இருந்தாள். நாட்டுப் பிரச்சினையில் ஓடிவந்தவள், தமையன்தான் கூப்பிட்டவன், அவனைவிட அவளுக்கு இங்கே ஒருவரும் இல்லை. நிலையத்துக்கு ஏன் போனாள் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கும் அது தேவையில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் லண்டனின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு வந்திருக்கிறாள். சாட்சி சொல்லவே அவளுக்கு விருப்பமில்லை. உன் பெயர் வெளியே வராது என்று ஒரு பெண் பொலிஸ் நம்பிக்கை கொடுத்துக் கூட்டிவந்திருந்தார்.

பொலிஸ்காரி பொய் சொல்லவில்லை. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சாட்சியின் பெயரைச் சத்தமாகச் சொல்லாமல் ஒரு துண்டில் எழுதி மேலே கொடுப்பார்கள். பத்திரிகையில் போடக்கூடாது என்று கட்டளை பிறக்கும். அந்தக் கட்டளையை எழுதினது நான்தான். ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன்.

பிழை எங்கே வந்தது தெரியுமா? நல்ல மனதில் வந்தது. எந்த வழக்குக்கு எந்த நீதவான் என்று ஒழுங்குபடுத்துகிற அலுவலர் ஒரு அன்பான பெண். சாட்சி தமிழ்ப்பிள்ளை, பயந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, மேலே ஒரு தமிழ் முகம் இருந்தால் ஆறுதலாக இருக்கும் என்று எங்கள் ஐயாவை அந்த அறைக்குப் போட்டுவிட்டார். பெருமையாக என்னிடம் வந்து சொன்னார். நான் உடனே மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். என்ன சொல்வேன்? எங்கள் சனத்துக்கு எங்கள் சனத்திடம்தான் பயம் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்? தலைமைக் கிளார்க்கிடம் ஓடினேன். விலகுவது நீதவானின் முடிவு, நாங்கள் தள்ளமுடியாது என்றார். பின்னறைக்குப் போய் ஐயாவிடமே நேராகச் சொன்னேன், ஐயா, இந்த வழக்கை நீங்கள் விட்டால் நல்லது என்று. “ஏன் தம்பி? எனக்கு இதிலை ஒரு கருத்தும் இல்லையே” என்றார். பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் தோய்த்தார்.

கோர்ட் தொடங்கியது. நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. ஒரு பக்கம் ஐயா, மறுபக்கம் வாயே திறக்காத ஒரு கனவான். பிள்ளை கூண்டில் ஏறியதும் மேலே பார்த்தாள். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக்கீறோடு ஐயா இருந்தார். பெயரெழுதின துண்டு மேலே போனது. தலைவர் பார்த்தார், ஐயாவிடம் கொடுத்தார். ஐயா அதை ஆறுதலாகப் படித்தார்.

எங்கள் பெயர்களைப்பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் துண்டில் இருந்த இரண்டாவது பெயர் அவளுடைய தகப்பனின் பெயர். வெள்ளைக்காரனுக்கு அது வெறும் குடும்பப் பெயர். எங்களில் ஒருவனுக்கு அது பாதி விலாசம். மிச்சப் பாதி ஊர்.

பிள்ளை நன்றாகவே சாட்சி சொன்னாள். ஆங்கிலம் கொஞ்சம் தட்டினாலும் விசயம் தெளிவு. இந்த ஆள்தான் பிடித்தான், இந்தக் கைதான், விடச்சொன்னேன், விடவில்லை. எதிர்த்தரப்பு இன்னும் குறுக்கு விசாரணைக்கு எழும்பவில்லை. அப்போது ஐயா தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் புன்சிரிப்போடு தலையசைத்தார். ஐயா முன்னால் சாய்ந்து, வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் கேட்கிற குரலில், தமிழில் கேட்டார்.

“ஊரிலை எவடம், பிள்ளை?”

நாங்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். பேருந்து நிலையத்தில் கேட்போம், மரக்கறிக் கடையில் கேட்போம், செத்தவீட்டில் கேட்போம். சின்ன வயதிலிருந்து பதில் சொல்லிப் பழகின கேள்வி. யோசித்துப் பதில் சொல்கிற பழக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. நான் எழும்பித் திரும்புவதற்குள் அவள் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஐயா “ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

அந்த அறையில் நடந்தது விளங்கினவர்கள் மூன்று பேர். மற்ற எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடி தலைவரிடம் சொன்னேன், நீதவான் சாட்சியிடம் அவளுடைய சொந்த ஊரைக் கேட்டிருக்கிறார், வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெயரை மறைக்கும் கட்டளைக்கு அது முரண், இதற்குமேல் இந்தக் கோர்ட்டில் எல்லோருக்கும் விளங்கும் மொழியில்தான் கேள்வி வரவேண்டும் என்று. தலைவரின் முகம் சிவந்தது. பிள்ளையின் பயத்தைப் போக்கத்தான் கேட்டேன் என்றார் ஐயா, ஆங்கிலத்தில், மனம் நொந்தவர் மாதிரி. கோர்ட் முழுவதும் என்னைத்தான் முறைத்துப் பார்த்தது.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலையே இருக்கவில்லை. முதல் கேள்விக்கே அவள், இந்த ஆள்தானா என்று தெரியவில்லை என்றாள். அடுத்த கேள்விக்கு, எனக்கு ஞாபகம் இல்லை என்றாள். பிறகு எல்லாவற்றுக்கும் அதே பதில். பார்வை மாத்திரம் ஐயாவின் மேல். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அந்த ஆளை விட்டார்கள். சட்டப்படி சரியான தீர்ப்பு. யாரும் அதில் ஒரு பிழை சொல்ல ஏலாது. இந்த மாதிரி ஆட்கள் தீர்ப்பில் பிழைவிடுவதில்லை, அதை உங்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் தீர்ப்பையே பார்த்துக்கொண்டிருப்போம், அவர்கள் தங்கள் காரியத்தை வேறெங்காவது முடித்துவிடுவார்கள்.

வழக்கு முடிந்தபின் நடைபாதையில் அவள் சுவரோடு நின்றாள். இனி நான் அவளோடு பேசலாம். கிட்டப் போனேன்.

“ஏன் சொன்னனான் எண்டு எனக்கே தெரியேல்லை, அங்கிள்,” என்றாள். “அவர் கேட்டார், வாய் சொல்லிப்போட்டுது. அண்ணாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டிலை வைச்சிருக்கமாட்டார். நான் எங்கை போறது?”

கோர்ட் கட்டளை இருக்கிறது, அவர் வெளியே வாய் திறந்தால் பதவி போகும், பயப்படாதே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பொலிஸ்காரி அவளை ரயிலுக்குக் கூட்டிப் போனார்.

எனக்குக் கிடைத்தது கண்டிப்பு. நீதவானைத் திறந்த கோர்ட்டில் அவமானப்படுத்தியது பிழை, பின்னறையில் சொல்லியிருக்கலாம் என்றார் தலைமைக் கிளார்க். முறைப்பாடு கொடுக்கப்போகிறேன் என்றேன். அவர் என்னை இருக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஊரைக் கேட்டார் என்று முறைப்பாடு கொடுத்தால் சிரிப்பார்கள். அவர் கட்டளையை மீறி ஒருவரிடமாவது அவளைப்பற்றிச் சொன்னார் என்று ஒரு ஆளைக் கொண்டுவா. அன்றைக்கே அவர் கதை முடிந்தது. நானே முன்னுக்கு நிற்பேன்.” அவர் சொன்னதைச் செய்கிற மனிதர்.

அந்த ஆள் தானாகவே வந்தான். கொஞ்ச நாள் கழித்து, காலையில், கோர்ட் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் நிற்கிறான் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெற்றோல் ஷெட் சட்டையோடு, ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறான். கண் இரண்டும் சிவப்பு. தங்கச்சியின் பெயரைச் சொன்னான்.

“அவ இஞ்சை ஒரு கேசுக்கு வந்தவவோ, அண்ணை?”

ஆர் சொன்னது என்று கேட்டேன்.

“எங்கடை ஊர்ச்சனத்திட்டை விசாரிச்சு என்னைத் தேடிப்பிடிச்சு, கோயில்லை வைச்சு ஐயா சொன்னவர். உம்மடை தங்கச்சியைக் கவனியும், உந்தக் கிளினிக் வழிய திரியிறா எண்டு. எனக்கு விளங்கேல்லை, அண்ணை. உண்மையைச் சொல்லுங்கோ.”

நான் தேடின ஆள் கண்ணுக்கு முன்னால் நின்றான். ஓம் தம்பி, மேலே வாரும் என்று கையைப் பிடித்துப் படியேற்றினால் போதும். தலைமைக் கிளார்க் மேலேதான் இருந்தார். அவன் இதே வார்த்தைகளை அவருக்குச் சொன்னால் ஐயாவின் ஆசனம் போகும், கோயிலில் முன்வரிசைக் கதிரையும் போகும். அதை நினைக்க எனக்கு வாயூறியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் படியேற்றுவதென்றால் முதலில் ஓம் என்று சொல்லவேண்டும். அந்த ஓம் அவளுடைய தலையில் விழும்.

“இல்லைத் தம்பி,” என்றேன். “அப்பிடி ஒருத்தரும் இஞ்சை வரேல்லை.”

அவன் நம்பவில்லை. “அவர் நீதவான் எல்லோ, அண்ணை. அவர் பொய் சொல்லுவாரே?”

அதுவரைக்கும் எத்தனையோ சாட்சிகளுக்கு நான் சத்தியப்பிரமாணம் செய்துவைத்திருக்கிறேன். இப்போது நானே கூண்டில் நிற்கிற மாதிரி இருந்தது. ஐயா பொய்யர் என்று சொன்னால், ஏன் என்று கேட்பான். கேட்டால் எல்லாம் வெளியே வரும். ஆகவே அந்த மனிதனின் நேர்மைக்கு நானே சாட்சி சொன்னேன். ஐயா பொய் சொல்கிற ஆள் இல்லை, தம்பி, நல்ல மனிசன், ஆளை மாறி விளங்கியிருப்பார், கண்பார்வையும் முந்தி மாதிரி இல்லை, அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் இருந்தது நான், வந்தது வேறு பிள்ளை, உம்முடைய தங்கச்சி இல்லை. ஒரு இடத்திலும் குரல் தட்டவில்லை. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது.

அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினான்.

“ராத்திரி வேலைக்கு வெளிக்கிடேக்கை அவளுக்குக் கை நீட்டிப்போட்டன், அண்ணை. அவள் ஒண்டுமே சொல்லேல்லை.”

வீட்டுக்குப் போம், தம்பி, போய் அவளோடு கதையும் என்றேன். பெரிய உபகாரம் அண்ணை என்று என் இரண்டு கையையும் பிடித்துவிட்டுப் போனான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் முகத்தைத் துடைக்கிறதைப் பார்த்தேன்.

பின்னேரம் தலைமைக் கிளார்க் கேட்டார், யாராவது கிடைத்தார்களா என்று. ஒருவரும் இல்லை என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். அடுத்த கிழமை ஐயா மறுபடி எங்கள் அறைக்கு வந்தார். கதவு திறந்தது. நீதவான் உள்ளே வரும்போது எல்லோரும் எழும்பவேண்டும். நானும் எழும்பினேன்.